லண்டன்–ஏதென்ஸ் வான்தொலைவும் பறக்கும் நேரமும்: நாமே கணக்கிடுவது எப்படி

லண்டனுக்கும் ஏதென்ஸுக்கும் இடையே எவ்வளவு தொலைவு என்று இணையத்தில் தேடுபவருக்கு 2,390, 2,427, 1,508, 1,310 என்று ஒன்றுக்கொன்று பொருந்தாத எண்கள் கிடைக்கும். இவற்றுள் எதுவும் பிழையில்லை. முதல் எண் நகர மையத்திலிருந்து நகர மையத்துக்கு கிலோமீட்டரில் அளந்தது. இரண்டாவது ஹீத்ரோ விமான நிலையத்திலிருந்து ஏதென்ஸ் விமான நிலையத்துக்கு அளந்தது. மூன்றாவதும் நான்காவதும் அந்த இரண்டாவது தொலைவையே சாதாரண மைலிலும் கடல் மைலிலும் சொல்கின்றன. பறக்கும் நேரத்தின் நிலையும் இதுதான்: ஒரு தளத்தில் மூன்று மணி நேரம் என்றிருக்கும், பயணச்சீட்டில் 3 மணி 40 நிமிடம் என்றிருக்கும், திரும்பி வரும் சீட்டிலோ நான்கு மணி நேரத்தைத் தாண்டியிருக்கும். எந்த எண் எதை அளக்கிறது என்று பாராமல் ஏதோ ஒன்றை நம்பி இணைப்பு விமானத்தையோ, இறங்கிய பின் பிடிக்க வேண்டிய கடைசி ரயிலையோ, கப்பலையோ திட்டமிடுவது தவிர்க்கக்கூடிய அலைச்சலில் கொண்டுபோய் விடும். தொலைவையும் நேரத்தையும் ஒரு சாதாரண கால்குலேட்டரைக் கொண்டு நாமே கணக்கிட முடியும்; அதற்கான வழியை லண்டன்–ஏதென்ஸ் தடத்தை எடுத்துக்கொண்டு இங்கே விளக்குகிறேன். ஐரோப்பாவின் வேறு எந்த இரு நகரங்களுக்கும் இதே முறை பொருந்தும்.

முதலில் விமான நிலையத்தை உறுதி செய்யுங்கள்

லண்டன் என்ற பெயரில் ஹீத்ரோ, காட்விக், ஸ்டான்ஸ்டெட், லூட்டன், லண்டன் சிட்டி, சவுத்எண்ட் என ஆறு விமான நிலையங்கள் இருக்கின்றன. ஹீத்ரோ நகர மையத்துக்கு மேற்கே ஏறக்குறைய 23 கிலோமீட்டரிலும், காட்விக் தெற்கே 45 கிலோமீட்டரிலும், ஸ்டான்ஸ்டெட் வடகிழக்கே 60 கிலோமீட்டர் தள்ளியும் உள்ளன. பயணச்சீட்டுத் தளங்களில் லண்டனுக்கு உரிய எல்ஓஎன் என்ற பொதுக் குறியீட்டைக் கொடுத்துத் தேடினால் இவை எல்லாம் ஒன்றாகக் கலந்து வரும் என்பதால், ஹீத்ரோவுக்கு எல்எச்ஆர், ஏதென்ஸுக்கு ஏடிஎச் என்று நிலையத்தின் மூன்றெழுத்துக் குறியீட்டையே கொடுத்துத் தேடுவது நல்லது. ஏதென்ஸில் இந்தக் குழப்பம் இல்லை. பழைய எல்லினிக்கோன் நிலையம் 2001 இல் மூடப்பட்டு, நகருக்குக் கிழக்கே ஸ்பாட்டாவில் கட்டப்பட்ட எலெஃப்தேரியோஸ் வெனிசெலோஸ் நிலையம் அந்த ஆண்டு மார்ச் முதல் இயங்குகிறது.

மலிவு விமானங்களில் இந்த எச்சரிக்கை இன்னும் கூடுதலாகத் தேவை. பாரிஸ் போவே நிலையம் பாரிஸிலிருந்து ஏறக்குறைய 85 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. ஃபிராங்ஃபர்ட் ஹான் நிலையம் ஃபிராங்ஃபர்ட்டிலிருந்து 120 கிலோமீட்டர். ஆஸ்லோவின் பெயரைச் சொல்லி விற்கப்பட்டு வந்த டோர்ப் நிலையம் ஆஸ்லோவுக்குத் தெற்கே 110 கிலோமீட்டர். வானில் மிச்சமான நேரம் தரையில் கரைந்துவிடும்.

தொலைவைக் கணக்கிடும் முறை

பூமி உருண்டையானது என்பதால் அதன் மேற்பரப்பில் இரு இடங்களுக்கு இடையிலான மிகக் குறுகிய பாதை ஒரு பெருவட்டத்தின் பகுதியாக அமைகிறது. பூமியின் மையத்தையே தன் மையமாகக் கொண்ட வட்டம்தான் பெருவட்டம். வான்தொலைவு என்று சொல்லப்படுவது இந்தப் பெருவட்டத் தொலைவையே குறிக்கிறது. அந்த வட்டத்தில் ஒரு பாகை என்பது ஏறக்குறைய 111.2 கிலோமீட்டர், கடல் மைலில் சொன்னால் 60. ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கான ஒரு கலையை அடிப்படையாகக் கொண்டு பிறந்த அளவுதான் கடல் மைல் என்பதால் விமானிகளும் மாலுமிகளும் அதை இன்றும் விடவில்லை. ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர், ஒரு சாதாரண மைல் 1.609 கிலோமீட்டர், எந்தத் தளத்தில் எந்த எண்ணைப் பார்த்தாலும் அதன் பக்கத்தில் உள்ள அலகை முதலில் பாருங்கள்.

கணக்குக்கு வேண்டியவை இரு நிலையங்களின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் மட்டுமே. ஹீத்ரோ வடக்கு 51.47 பாகை, மேற்கு 0.46 பாகை. ஏதென்ஸ் வடக்கு 37.94, கிழக்கு 23.94. இங்கே இரண்டு இடங்களில் தவறு நேரக்கூடும். வரைபடங்களில் ஹீத்ரோவின் அட்சரேகை 51 பாகை 28 கலை என்று எழுதப்பட்டிருந்தால் அதை 51.28 என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. 28 ஐ 60 ஆல் வகுத்து 51.47 என்று மாற்ற வேண்டும். அடுத்தது, ஹீத்ரோ கிரீன்விச்சுக்கு மேற்கிலும் ஏதென்ஸ் கிழக்கிலும் இருப்பதால் தீர்க்கரேகைகளைக் கழிக்காமல் கூட்ட வேண்டும். கழித்துவிட்டால் 23.48 பாகை வரும். சரியான விடை 24.40 பாகை.

இப்போது எளிய முறை. அட்சரேகை வேறுபாடு 13.53 பாகை, அதை 111.2 ஆல் பெருக்கினால் வடக்கு–தெற்காக ஏறக்குறைய 1,505 கிலோமீட்டர். தீர்க்கரேகை வேறுபாட்டை அப்படியே பெருக்க முடியாது, ஏனெனில் தீர்க்கரேகைகள் துருவத்தை நோக்கிப் போகப் போக நெருங்கிக்கொண்டே போகின்றன: ஏதென்ஸில் ஒரு பாகைத் தீர்க்கரேகை ஏறக்குறைய 88 கிலோமீட்டர் அகலம், லண்டனில் 69, ஹெல்சின்கியில் 55 மட்டுமே. ஆகவே இரு ஊர்களின் நடு அட்சரேகையான 44.7 பாகையின் கோசைனை எடுத்துக்கொள்கிறோம். அது 0.7108. அந்த அட்சரேகையில் ஒரு பாகை 79.04 கிலோமீட்டர் ஆகிறது, 24.40 ஆல் பெருக்கினால் கிழக்கு–மேற்காக 1,929 கிலோமீட்டர். இந்த இரண்டையும் தனித்தனியே வர்க்கப்படுத்திக் கூட்டி, வர்க்கமூலம் கண்டால் 2,447 கிலோமீட்டர் வரும்.

துல்லியமான முறை இதைவிடச் சற்றே நீளம். இரு அட்சரேகைகளின் சைன்களைப் பெருக்குங்கள். இரு அட்சரேகைகளின் கோசைன்களையும் தீர்க்கரேகை வேறுபாட்டின் கோசைனையும் பெருக்கி அதனுடன் கூட்டுங்கள். நமக்கு 0.9283 கிடைக்கும். அந்தக் கோசைனுக்கு உரிய கோணம் 21.83 பாகை, 111.2 ஆல் பெருக்க 2,427 கிலோமீட்டர். கால்குலேட்டர் ரேடியனில் அல்லாமல் பாகையில் இருக்கிறதா என்று தொடங்கும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

எளிய முறைக்கும் துல்லிய முறைக்கும் இடையே 20 கிலோமீட்டர்தான் வேறுபாடு, ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. லிஸ்பன்–ஹெல்சின்கி போல மிகத் தெற்கிலிருந்து மிக வடக்கே போகும் தடத்தில் எளிய முறை ஏறக்குறைய 3,430 என்றும் துல்லிய முறை 3,364 என்றும் சொல்கின்றன. அங்கே பிழை இரண்டு விழுக்காடாக ஏறுகிறது. பயண நேரத்தை மதிப்பிட அதுவும் போதும், ஆனால் பின்னால் சொல்லப்போகும் இழப்பீட்டுக் கணக்குக்குப் போதாது. கணக்கே வேண்டாம் என்பவர்கள் கிரேட் சர்க்கிள் மேப்பர் தளத்தில் இரு நிலையங்களின் குறியீட்டைக் கொடுத்து விடையைப் பெறலாம். இருந்தாலும் ஒருமுறையேனும் கையால் போட்டுப் பார்க்கச் சொல்வேன். தட்டையான உலக வரைபடம் வடக்கு நாடுகளை எவ்வளவு விரித்துக் காட்டுகிறது என்பது அப்போதுதான் மனத்தில் பதியும்.

சாலைத் தொலைவு வேறு கணக்கு. லண்டனிலிருந்து ஏதென்ஸுக்குத் தரைவழியாகப் போனால் 3,000 கிலோமீட்டருக்கு மேல் ஆகும். நடுவே கடல் இருந்தால் வேறுபாடு இன்னும் பெரிது: ஹெல்சின்கிக்கும் ஸ்டாக்ஹோமுக்கும் வான்தொலைவு 400 கிலோமீட்டர், கப்பல் ஏறாமல் போத்னியா வளைகுடாவைச் சுற்றிக் காரில் போனால் 1,700 கிலோமீட்டரைத் தாண்டும்.

தொலைவிலிருந்து நேரத்துக்கு

ஐரோப்பாவுக்குள் பெரும்பாலும் ஓடும் ஏர்பஸ் ஏ320, போயிங் 737 வகை விமானங்கள் உயரே போன பின் மணிக்கு 830 கிலோமீட்டர் அளவில் பறக்கின்றன. 2,427 ஐ 830 ஆல் வகுத்தால் 2 மணி 55 நிமிடம் வருகிறது. சில தளங்கள் தரும் மூன்று மணி நேரக் கணக்கு இப்படிப் பிறந்ததுதான். உண்மையில் விமானம் மேலேறும்போதும் இறங்கும்போதும் அந்த வேகத்தில் பறப்பதில்லை, பெருவட்டத்தை அப்படியே பின்பற்றுவதும் இல்லை. புறப்படும் நிலையத்துக்கும் இறங்கும் நிலையத்துக்கும் வகுக்கப்பட்ட பாதைகள், ராணுவப் பயிற்சிக்கென ஒதுக்கிய வான்பகுதிகள், புயல் மேகங்கள் ஆகியவற்றைச் சுற்றிப் போக வேண்டியிருப்பதால் பறந்த தொலைவு எப்போதும் சில விழுக்காடு கூடும். 2022 பிப்ரவரி முதல் உக்ரைன் வான்வெளி மூடப்பட்டும், ரஷ்ய வான்வெளி ஐரோப்பிய ஒன்றிய, பிரிட்டிஷ் விமானங்களுக்கு அடைக்கப்பட்டும் இருப்பதால் கிழக்கு ஓரத் தடங்கள் சிலவற்றில் இந்தச் சுற்று இன்னும் அதிகம்.

பயணச்சீட்டில் அச்சிடப்படும் நேரமோ வானில் இருக்கும் நேரம் அல்ல. வாயிலை விட்டு விமானம் நகரத் தொடங்குவதிலிருந்து மறு ஊரில் வாயிலை அடைந்து நிற்பது வரை உள்ள முழு நேரம் அது. விமானத்துறையினர் அதை பிளாக் டைம் என்கிறார்கள். ஹீத்ரோ போன்ற நெரிசலான நிலையத்தில் ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதற்கே இருபது நிமிடம் ஆகலாம். திரும்பி வரும்போது ஹீத்ரோவில் இறங்க இடம் கிடைக்காவிட்டால் பொவிங்டன், லாம்போர்ன், ஓகம், பிகின் ஆகிய நான்கு காத்திருப்பு இடங்களில் ஒன்றின் மேல் விமானம் வட்டமடித்துக்கொண்டிருக்கும். லண்டனுக்கு வந்திறங்குபவர்கள் சன்னல் வழியே ஒரே வயலையும் ஒரே ஏரியையும் மீண்டும் மீண்டும் பார்ப்பது இதனால்தான். விமான நிறுவனங்கள் இவற்றையெல்லாம் கணித்து, கொஞ்சம் கூடுதலாகவும் சேர்த்தே அட்டவணை போடுகின்றன.

நான் பயன்படுத்தும் மனக்கணக்கு இது: கிலோமீட்டரை 800 ஆல் வகுத்து, வரும் நேரத்துடன் 40 நிமிடம் கூட்டுங்கள். லண்டன்–ஏதென்ஸுக்கு 3 மணி 2 நிமிடமும் 40 நிமிடமும் சேர்ந்து 3 மணி 42 நிமிடம். அட்டவணை நேரத்துடன் இது ஒட்டி வருகிறது. லண்டன்–ஜூரிச் 788 கிலோமீட்டர். கணக்குப்படி 1 மணி 39 நிமிடம், சீட்டிலும் ஏறக்குறைய அதேதான். ஐந்நூறு கிலோமீட்டருக்குக் குறைந்த தடங்களில் மட்டும் பத்துப் பதினைந்து நிமிடம் கூடுதலாகச் சேர்க்க வேண்டும், ஏனெனில் விமானம் முழு வேகத்தில் நேராகப் பறக்கும் நேரம் அங்கே மிகச் சிறியது.

அடுத்தது காற்று. ஐரோப்பாவின் மேல் பத்து கிலோமீட்டர் உயரத்தில் ஜெட் காற்றோட்டம் பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி வீசுகிறது. குளிர்காலத்தில் அது மேலும் வலுக்கும். லண்டனிலிருந்து ஏதென்ஸுக்குப் பறப்பது தென்கிழக்குத் திசை என்பதால் அந்தக் காற்றின் ஒரு பகுதியே பின்னிருந்து தள்ளும். அந்தப் பகுதி மணிக்கு 50 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், போகும்போது தரைவேகம் 880, வரும்போது 780. வானில் மட்டும் ஏறக்குறைய இருபது நிமிட வேறுபாடு. ஹீத்ரோவில் நேரும் தாமதத்தையும் அதனுடன் சேர்த்துக்கொண்டால், திரும்பும் பயணம் நான்கு மணி நேரத்தைத் தாண்டுவது புரியும். ரோம்–ஹாம்பர்க் போல நேர் வடக்கு–தெற்குத் தடங்களில் காற்று பக்கவாட்டில் அடிப்பதால் போகவர நேரங்கள் கிட்டத்தட்ட சமமாக இருக்கும்.

இந்த மதிப்பீட்டைச் சரிபார்க்க ஒரு நல்ல வழி உண்டு. ஃபிளைட்ரேடார்24 தளத்தில் உங்கள் விமானத்தின் எண்ணைக் கொடுத்து, கடந்த ஒரு வார காலத்தில் அது உண்மையில் எப்போது கிளம்பி எப்போது இறங்கியது என்று பாருங்கள். சராசரியைவிட மிக மோசமான நாளின் நேரமே இணைப்பு விமானத்தைத் திட்டமிட உதவும்.

கடிகாரத்தைச் சரிசெய்தல்

சீட்டில் உள்ள புறப்படும் நேரமும் சேரும் நேரமும் அந்தந்த ஊரின் நேரம். ஏதென்ஸ் லண்டனைவிட இரண்டு மணி நேரம் முன்னே இருக்கிறது. ஹீத்ரோவிலிருந்து 12:00 க்குக் கிளம்பி ஏதென்ஸில் 17:40 க்குச் சேரும் விமானம் 5 மணி 40 நிமிடம் பறக்கவில்லை. இரண்டைக் கழித்தால் 3 மணி 40 நிமிடம். ஏதென்ஸில் 18:30 க்குக் கிளம்பி லண்டனில் 20:35 க்குச் சேர்வதாக இருந்தால் இரண்டைக் கூட்ட வேண்டும்: 4 மணி 5 நிமிடம். கிழக்கே போகும்போது கழிக்கவும், மேற்கே வரும்போது கூட்டவும்.

பிரிட்டனும் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளும் மார்ச் மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமையிலும் அக்டோபர் மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமையிலும் ஒரே நொடியில் கடிகாரத்தை மாற்றுவதால் இந்த இரண்டு மணி நேர வேறுபாடு ஆண்டு முழுவதும் மாறாது. துருக்கி 2016 முதல் கடிகாரத்தை மாற்றுவதை நிறுத்திவிட்டது. ஆகவே லண்டனுக்கும் இஸ்தான்புலுக்கும் கோடையில் இரண்டு மணி, குளிர்காலத்தில் மூன்று மணி வேறுபாடு. ஐஸ்லாந்தும் மாற்றுவதில்லை. ஸ்பெயின் வரைபடத்தில் லண்டனுக்கு நேர்த் தெற்கே இருந்தாலும் ஜெர்மனியின் நேரத்தைப் பின்பற்றுகிறது, பக்கத்து நாடான போர்ச்சுகல் லண்டன் நேரத்தைப் பின்பற்றுகிறது. மாட்ரிடில் ஒன்பது மணிக்குக் கிளம்பியவர் லிஸ்பனில் ஒன்பதே காலை ஒட்டி இறங்குவது அதனால்தான்.

வீட்டு வாசலிலிருந்து கணக்கிடுங்கள்

மத்திய லண்டனிலிருந்து ஹீத்ரோவுக்கு முக்கால் மணி நேரம், விமானத்துக்கு முன் இரண்டு மணி நேரம், வானிலும் ஓடுபாதையிலும் 3 மணி 40 நிமிடம், ஏதென்ஸில் கடவுச்சீட்டுச் சோதனைக்கும் பெட்டிக்கும் ஒரு மணி நேரம், அங்கிருந்து நகர மையத்தில் உள்ள சின்டக்மா சதுக்கத்துக்கு மெட்ரோவில் 40 நிமிடம். ரயிலுக்குக் காத்திருப்பதையும் சேர்த்தால் எட்டரை மணி நேரம் ஒரு நேர்மையான மதிப்பீடு. பிரிட்டிஷ், இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் இறங்கும் இடத்துக்கான நேரத்தைத் தாராளமாகவே வைத்துக்கொள்ள வேண்டும். ஒன்றியத்துக்கு வெளியே உள்ள நாட்டினரின் கைரேகையையும் முகப் படத்தையும் எல்லையில் பதிவு செய்யும் நுழைவு–வெளியேற்ற முறை 2025 அக்டோபர் 12 முதல் நடைமுறைக்கு வரத் தொடங்கியது; முதல் முறை பதிவு செய்பவருக்கு வரிசையில் கூடுதல் நேரம் போகும்.

குறுகிய தடங்களில் இந்தக் கணக்கு முடிவையே மாற்றிவிடுகிறது. லண்டன்–பாரிஸ் வான்தொலைவு 344 கிலோமீட்டர், ரயில் பாதை 492 கிலோமீட்டர். விமானச் சீட்டில் ஒன்றேகால் மணி நேரம் என்றிருக்கும், யூரோஸ்டார் ரயிலுக்கு இரண்டேகால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆனால் லண்டனில் அந்த ரயில் கிளம்பும் செயின்ட் பான்கிராஸ் நிலையம் நகரின் நடுவில் இருக்கிறது, பிரெஞ்சு எல்லைச் சோதனை ரயில் ஏறும் முன்பே அங்கேயே முடிந்துவிடுகிறது, பாரிஸ் கார் துய் நோர் நிலையத்தில் இறங்கியவர் நேராக வெளியே நடக்கலாம். லா ஷப்பேலில் உள்ள தமிழ்க் கடைத்தெரு அங்கிருந்து நடக்கும் தூரம்தான். ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமான முன்வருகையையும் சேர்த்து ரயிலில் நான்கு மணி நேரம், விமானத்தில் ஐந்து மணி நேரத்துக்கு மேல். பிரான்ஸ் அரசு 2023 இல் பாரிஸின் ஓர்லி விமான நிலையத்திலிருந்து லியோன், நான்ட், போர்தோ ஆகிய ஊர்களுக்கான உள்நாட்டு விமானங்களைத் தடை செய்ததும், இரண்டரை மணி நேரத்துக்குள் ரயிலில் போக முடியும் என்ற அடிப்படையில்தான். அது சரியான முடிவு என்றே கருதுகிறேன்.

தாமதமானால் தொலைவே தொகையைத் தீர்மானிக்கும்

பெருவட்டக் கணக்கு வெறும் ஆர்வத்துக்கு உரியதல்ல. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2004 ஆம் ஆண்டு 261 ஆம் எண் ஒழுங்குவிதிப்படி, விமான நிறுவனத்தின் பொறுப்பில் வரும் காரணத்தால் விமானம் மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமாகச் சேர்ந்தால் பயணிக்கு இழப்பீடு உண்டு. 1,500 கிலோமீட்டர் வரை 250 யூரோ. அதற்கு மேல் 3,500 வரை 400 யூரோ. தொலைவைப் பெருவட்ட முறைப்படியே அளக்க வேண்டும் என்று அந்த விதியிலேயே எழுதப்பட்டிருக்கிறது. ஏதென்ஸிலிருந்து லண்டனுக்குக் கிளம்பும் விமானம் 2,427 கிலோமீட்டர் என்பதால் 400 யூரோ. லண்டனிலிருந்து கிளம்பினால் பிரிட்டனின் சட்டப்படி 350 பவுண்டு.

இணைப்பு விமானத்தில் போனவர்கள் கவனிக்க வேண்டிய தீர்ப்பு ஒன்று 2017 இல் வந்தது. ரோமிலிருந்து பிரஸ்ஸல்ஸ் வழியாக ஹாம்பர்க் போனவர்கள் தாமதத்துக்கு இழப்பீடு கேட்டார்கள். பறந்த இரு கட்டங்களையும் கூட்டினால் 1,656 கிலோமீட்டர், அதாவது 400 யூரோ. ரோமிலிருந்து ஹாம்பர்க்குக்கு நேராக அளந்தால் 1,326 கிலோமீட்டர், அதாவது 250 யூரோ. புறப்பட்ட இடத்துக்கும் போய்ச் சேர வேண்டிய இடத்துக்கும் இடையிலான நேர்த் தொலைவே கணக்கு என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே ஒரே முன்பதிவில் வாங்கிய சீட்டுக்கு நடுவில் இறங்கும் ஊரைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

சேர்ந்த நேரம் எது என்பதும் 2014 இல் முடிவாகிவிட்டது: சக்கரம் தரையைத் தொட்ட நொடியும் அல்ல, வாயிலில் வந்து நின்ற நொடியும் அல்ல, விமானத்தின் ஒரு கதவாவது திறந்து பயணிகள் வெளியேறலாம் என்றாகும் நேரமே சேர்ந்த நேரம். தாமதம் மூன்று மணி நேரத்தை நெருங்கும் நாளில் கதவு திறந்ததும் கைப்பேசிக் கடிகாரத்தைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். விண்ணப்பத்தில் பெருவட்டத் தொலைவையும், இரு நிலையங்களின் குறியீட்டையும், அட்டவணைப்படி சேர வேண்டிய நேரத்தையும், கதவு திறந்த நேரத்தையும் உள்ளூர் நேரத்திலேயே எழுதுங்கள்.